பொது விளக்கு சென்சாரில் டயலைத் திருகுவது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கும் பொது விளக்குகளைப் பற்றி வாசகர்கள் அவ்வப்போது எழுதுகிறார்கள், படிக்கிறேன். பெரும்பாலும் காவலாளியையோ சங்கச் செயலாளரையோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் இப்போது நிறைய அடுக்குமாடிகளில் விளக்கைப் போட்டு அணைப்பது ஆள் கிடையாது, வெளிச்சுவரில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளங்கையளவு டப்பா. போட்டோசெல் என்பார்கள், லைட் சென்சார் என்பார்கள். அதை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம், பிறகு வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுகிறோம். எங்கள் கட்டிடத்துப் பொது விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சில காலமாக என் தலையில் இருக்கிறது, அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். விளக்கு நேரம் தப்பி எரிந்தால் எல்லோருடைய கையும் முதலில் அந்த டப்பாவின் டயலுக்குத்தான் போகிறது. மாடியில் ஒருவர் வலப்பக்கம் திருகுவார், இரண்டு நாள் கழித்து கீழ்வீட்டுக்காரர் இடப்பக்கம் திருகுவார். டயல் கடைசியில் தொட வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதன் முகத்தில் எவ்வளவு அழுக்கு படிந்திருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

உள்ளே இருப்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும், இருட்டினால் கூடும், அப்படி ஒரு சின்ன வில்லை. பழைய வகைகளில் காட்மியம் சல்பைடு, புதியவற்றில் பெரும்பாலும் சிலிக்கான் போட்டோடயோடு. (1873-ல் வில்லோபி ஸ்மித் என்ற பொறியாளர் கடலடித் தந்திக் கம்பியைச் சோதிக்க செலினியம் தண்டுகளைத் தடையாக வைத்தார், வெளிச்சம் படும்போதெல்லாம் அளவு மாறிக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையிலிருந்து கிளைத்ததுதான் நம் வாசல் விளக்கு சென்சார் வரைக்கும் வந்திருக்கிறது.) வில்லை சொல்லும் அளவு, டயலில் நாம் வைத்த அளவுக்குக் கீழே இறங்கினால் ரிலே, அதாவது டப்பாவுக்குள் இருக்கும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு, விழுந்து விளக்கு எரியும். மேலே ஏறினால் அணையும்.

இதில் இரண்டு சங்கதிகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, போடும் அளவும் அணைக்கும் அளவும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது. 20 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) எரிய வைத்தால் 30-லோ 40-லோதான் அணையும், மாடலுக்கு மாடல் வித்தியாசப்படும். இந்த இடைவெளி இல்லையென்றால் மேகம் ஒன்று கடந்துபோகும்போதெல்லாம் விளக்கு கண் சிமிட்டும். அதனால் சாயங்காலத்துக்குச் சரியாக வைத்துவிட்டு, காலையில் ஏன் கொஞ்சம் தாமதமாக அணைகிறது என்று மறுபடியும் டயலைத் தொடாதீர்கள், இரண்டையும் ஒரே டயலில் பிடிக்க முடியாது. இரண்டாவது, தாமதம். நல்ல சென்சார் வெளிச்சம் மாறியதும் உடனே குதிக்காது, சில விநாடி முதல் ஒன்றிரண்டு நிமிடம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரிலேயை அசைக்கும். மின்னல் வெட்டினாலோ கார் ஹெட்லைட் கடந்துபோனாலோ விளக்கு அணையாமல் இருப்பது இதனால்தான். இது தெரியாதவர்தான் டயலைத் திருகி, ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னும் திருகி, திடீரென்று எரிந்ததும் அதுதான் சரியான இடம் என்று நினைத்துக் கீழே இறங்கிவிடுகிறார்.

சரி, இடத்துக்கு வருவோம்.

பொது விளக்கில் நான் அதிகம் பார்த்த கோளாறு, சென்சார் தான் போட்ட விளக்கைத் தானே பார்ப்பது. இருட்டுகிறது, விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சம் நேராகவோ எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியோ சென்சாரின் முகத்தில் விழுகிறது, விடிந்துவிட்டது என்று அது விளக்கை அணைக்கிறது, உடனே இருட்டு, மறுபடியும் எரிகிறது. ராத்திரி முழுக்க ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி ஓடும். பார்க்கிறவர்கள் லூஸ் கனெக்ஷன் என்பார்கள், பல்பு போய்விட்டது என்பார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நல்ல இருட்டில் சென்சாரைத் தடித்த கறுப்புத் துணியால் முழுதாக மூடி வையுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் வயரிங் சரி, சென்சாருக்கு விளக்கின் வெளிச்சம்தான் தொல்லை. மூடிய பிறகும் எரிந்து அணைந்தால் அப்போது கனெக்ஷனையும் ரிலேயையும் பல்பையும் சந்தேகப்படலாம்.

இதே கட்டிடம் நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது என்று கேட்பார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் யாரோ எதிர்ச்சுவருக்கு வெள்ளை அடித்திருப்பார்கள். அல்லது பழைய மங்கல் விளக்கை எடுத்துவிட்டுக் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. போட்டிருப்பார்கள். பக்கத்துப் பிளாக்கின் வெளிச்சப் பலகை புதிதாக வந்திருக்கும். இரண்டு பிளாக்குகளில் தனித்தனி சென்சார் இருந்தால் அதன் விளக்கு இதை அணைப்பதும் இதன் விளக்கு அதை அணைப்பதுமாக ஒரு சண்டையே நடக்கும். இதற்கெல்லாம் டயலில் மருந்து கிடையாது. சென்சாரை விளக்கு தெரியாத பக்கம் திருப்ப வேண்டும், விளக்குக்கு மேலே உயர்த்த வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு தகடு வைத்து மறைக்க வேண்டும். அது பார்க்க வேண்டியது வானத்தை.

வானத்திலும் எந்தப் பக்கம் என்பது முக்கியம். மேற்கே பார்த்த சென்சாருக்குச் சாயங்காலம் வெகுநேரம் வரை வெளிச்சமாகவே இருக்கும், அதனால் மாலையில் தாமதமாகப் போடும். காலையில் மேற்கு வானம் மங்கலாக இருப்பதால் தாமதமாக அணைக்கும். கிழக்கே பார்த்தது இதற்கு நேர் எதிர், மாலையில் சீக்கிரம் போட்டுவிட்டுக் காலையிலும் சீக்கிரம் அணைத்துவிடும். அதனால்தான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்கள் வடக்கு வானத்தையும் தெற்கே இருப்பவர்கள் தெற்கு வானத்தையும் பார்க்க வைப்பது வழக்கம். பெரும்பாலும் நேர்வெயில் படாமல், இரண்டு வேளையும் ஒரே மாதிரி வெளிச்சம் கிடைக்கும். கட்டிடத்தில் அந்தப் பக்கம் வசதியில்லை என்றால் வேறு பக்கம் வையுங்கள், தப்பில்லை, ஆனால் காலை மாலை வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு டயலைக் குறை சொல்லாதீர்கள்.

அப்புறம் அழுக்கு. தூசு, சிலந்தி வலை, பறவை எச்சம், வளர்ந்து வந்து முகத்தை மூடும் கொடி. வெயிலில் வருடக்கணக்கில் நின்ற பிளாஸ்டிக் மூடி மஞ்சளித்துப் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, சென்சாருக்கு உலகம் இருப்பதைவிட இருட்டாகத் தெரிகிறது, ஒவ்வொரு மாதமும் விளக்கு கொஞ்சம் முன்னதாக எரிந்து கொஞ்சம் பின்னதாக அணைகிறது. மாற்றம் மெதுவாக நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒருநாள் மழை மூட்டத்தில் மத்தியானமும் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் சத்தம் வரும். ஒருவர் ஏறி டயலை இருட்டுப் பக்கம் திருகிவிட்டு வருவார், பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். பிறகு ஒரு நல்ல மழை அடித்து அழுக்கைக் கழுவிவிட்டால் போதும், மறுநாள் நன்றாக இருட்டிய பிறகும் விளக்கு வராது, யாராவது படியில் தடுக்குவார். ஈரத்துணியால் துடைக்க வேண்டிய விஷயத்துக்குத் திருப்புளி எடுத்ததன் பலன்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நேரம் சரியில்லையென்றால் இப்போது டயல்.

அதற்கு எண் தெரிந்திருந்தால் நல்லது. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மேகம் இல்லாத நாளில் சூரியன் மறையும் நேரத்தில் திறந்தவெளியில் சுமார் 400. சூரியன் தொடுவானத்துக்கு 6 டிகிரி கீழே போகும் நேரம், அதாவது வெளியே இருக்கும் பொருட்கள் வெறும் கண்ணுக்கு ஓரளவு தெரிவது முடிகிற நேரம், அப்போது 3 லக்ஸ் சொச்சம். முழுநிலவு அரை லக்ஸ்கூட வராது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் 400-லிருந்து 3-க்கு இறங்க 25 நிமிடம்கூட ஆகாது. வடக்கே, தெற்கே போகப்போக அந்தி நீளும், 50 டிகிரி அட்சரேகையில் 30 நிமிடத்துக்கு மேலே போய்விடும். இதில் என்ன தெரிகிறது என்றால், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைய ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், அந்தி நீண்ட இடங்களில் இருபது நிமிடம் வரை. அதாவது டயலை 100 லக்ஸில் வைப்பதற்கும் 10 லக்ஸில் வைப்பதற்கும் கடிகாரத்தில் வித்தியாசம் அவ்வளவுதான். கேட்கும்போது பத்து மடங்கு என்று பெரிதாகத் தெரிகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சங்கக் கூட்டங்களில் இந்தப் பத்து நிமிடத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 20 வாட் விளக்கு பத்து என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 200 வாட். மாலையில் பத்து நிமிடம் முன்னதாக, காலையில் பத்து நிமிடம் பின்னதாக, ஆக நாளுக்கு 20 நிமிடம் கூடுதலாக எரிந்தால் வருடத்துக்கு 24 யூனிட் சொச்சம். அதே பத்து விளக்கு, சென்சார் கெட்டுப்போய்ப் பகல் 12 மணி நேரமும் எரிந்தால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். பத்தே நாளில் 24 யூனிட் போய்விட்டது. ஒரு வருடச் சண்டையில் மிச்சம் பிடித்தது, யாரும் கவனிக்காத பத்துப் பகலில் கரைகிறது. மிச்சம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் சென்சார் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை மத்தியானம் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். டயலைக் கொஞ்சம் தாராளமாக, வெளிச்சப் பக்கமே வைத்துவிடுங்கள்.

தாராளமாக வைக்கச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. வயதான கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைவு. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது என்பார்கள், கருவிழியின் துளை சுருங்குவதும் வில்லை மஞ்சளிப்பதும் சேர்ந்து. தவிர, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் யாருடைய கண்ணும் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் எடுக்கும். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போது படிக்கட்டுக்குள் நுழைகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். எங்களில் திடகாத்திரமான ஒருவர், "எனக்கு நல்லாத் தெரியுதே, இப்ப எதுக்கு லைட்டு?" என்று கேட்பார். அவருக்குத் தெரியும், சந்தேகமே இல்லை.

டயலை வைக்க வேண்டிய முறையும் இதனால்தான் கொஞ்சம் வேறு. லக்ஸ் எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள். நிறைய டப்பாக்களில் எண்ணே இருக்காது, ஒரு பக்கம் நிலா, இன்னொரு பக்கம் சூரியன், அவ்வளவுதான். எண் இருந்தாலும் அது சென்சாரின் முகத்தில் விழும் வெளிச்சம், உங்கள் படிக்கட்டில் விழுவது அதில் ஒரு சிறு பங்கு. கைபேசியில் லக்ஸ் பார்க்கும் ஆப்பை வைத்துக்கொண்டு சிலர் ஆராய்ச்சி பண்ணுகிறார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும், நம்பி எண் எழுதி வைக்க உதவாது, போனுக்குப் போன் மாறும்.

மழை மூட்டமோ, வழக்கத்துக்கு மீறிய தெளிவான வானமோ இல்லாத ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுங்கள். வெயில் சாயும்போதே டயலை நிலாப் பக்கம் கடைசி வரை திருப்பி வைத்துவிடுங்கள், இப்போது நன்றாக இருட்டும் வரை விளக்கு எரியாது. தாமதத்துக்குத் தனி டயல் இருந்தால் அதைக் குறைந்த அளவில் வையுங்கள், டெஸ்ட் என்று ஒரு நிலை இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் சென்சார் பக்கத்தில், இன்னொருவர் கட்டிடத்தில் ஜனங்கள் நடக்கிற இடங்களிலேயே இருட்டான படியில், முடிந்தால் அந்த இன்னொருவர் வயதில் பெரியவராக இருக்கட்டும். படியின் விளிம்பு மங்கத் தொடங்கியது என்று அவர் குரல் கொடுக்கும்போது, முழுதாக மறையும் வரை காத்திருக்காமல், சூரியன் பக்கமாக ஒரு மயிரிழை திருப்புங்கள், நில்லுங்கள், தாமத நேரம் கடக்கட்டும், எரியவில்லையென்றால் இன்னொரு மயிரிழை. எரிந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். பல டப்பாக்களில் அந்தி வெளிச்சம் முழுவதும் டயலின் ஒரு சின்ன வளைவுக்குள் அடங்கியிருக்கும், மற்ற இடமெல்லாம் திருகினால் ஒன்றும் மாறாது, அதனால்தான் மெதுவாக. பிறகு தாமதத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுபோங்கள், மறந்துவிட்டால் ஹெட்லைட்டுக்கெல்லாம் அணையும். பெயின்ட் மார்க்கரால் டயலின் இடத்தைக் குறித்து, தேதியையும் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்தமுறை யாராவது தொட்டிருந்தால் குறியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பகலில் சென்சாரை மூடிப் பார்த்து "செட்டிங்" செய்துவிட்டேன் என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். மூடினால் எரிகிறது, திறந்தால் அணைகிறது என்றால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். எத்தனை மணிக்கு எரியும் என்பது அந்தி நேரத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, சாயங்காலம் வரை காத்திருக்க யார் கூலி கொடுக்கிறோம்? அதனால் மாட்டுவதும் வயரிங்கும் அவர் வேலை, டயல் வைப்பது குடியிருப்பவர்கள் வேலை என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன், டயல் மூடிக்கு உள்ளே இருந்தால் பக்கத்திலேயே மெயின் மின்சாரம் ஓடும் முனைகள் இருக்கும். மூடியைத் திறக்க வேண்டியிருந்தால் பிரேக்கரை அணைத்துவிட்டுத் திறங்கள். அணைத்துவிட்டால் செட்டிங் எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், அந்த மாதிரி டப்பாவுக்கு எலக்ட்ரீஷியனைச் சாயங்காலத்துக்கு வரச் சொல்ல வேண்டியதுதான். மாடி ஏணியில் நின்றுகொண்டு வீட்டுத் திருப்புளியால் வீரம் காட்ட வேண்டாம்.

டயலே இல்லாத சின்ன உருண்டை சென்சார்களும் உண்டு. அவற்றில் அளவு தொழிற்சாலையிலேயே வைத்தது. அது தாமதமாகப் போடுகிறது என்றால் முகத்தின் ஒரு பகுதியைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மறைத்தால் முன்னதாகப் போடும், சில வகைகளில் இதற்கென்றே நகர்த்தும் தகடு இருக்கும். முன்னதாகப் போடுகிறது என்றால் வானம் இன்னும் திறந்த பக்கம் திருப்பிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேறு வழியில்லை, மாற்றுங்கள்.

டயலை எந்தக் கோடிக்குத் திருகினாலும் விளக்கு அணையவே இல்லையா? அநேகமாக ரிலேயின் முனைகள் ஒட்டிப்போயிருக்கும். இது எல்.இ.டி. வந்த பிறகு அதிகமாகிவிட்டது, ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. எல்.இ.டி. வாட் குறைவுதானே, பாரம் குறைந்துவிட்டதே என்று நினைப்பார்கள். ஆனால் அதன் டிரைவருக்குள், அதாவது மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பகுதிக்குள், இருக்கும் கெபாசிட்டர்கள் போட்ட அந்தக் கணத்தில் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், பத்து இருபது விளக்கு ஒரே நேரத்தில் இழுத்தால் ரிலே முனையில் பொறி பறந்து உருகி ஒட்டிக்கொள்ளும். டப்பாவின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் மாதிரியான பாரத்துக்கு, எல்.இ.டி.க்கு எவ்வளவு என்று தனியாகச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அது மிகக் குறைவாக இருக்கும். விளக்குகள் அதிகமாக இருந்தால் சென்சார் ஒரு காண்டாக்டரை (பெரிய பாரத்தைத் தாங்கும் தடித்த ரிலே) மட்டும் இயக்கட்டும், விளக்குகளை அந்தக் காண்டாக்டர் இயக்கட்டும். இதைச் செய்யாமல் ஒட்டிப்போன சென்சாரைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொன்றை மாட்டினால் அதுவும் ஒட்டிப்போகும், எத்தனை சங்கங்கள் இப்படி வருடத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தால் வயிற்றெரிச்சல்தான்.

இதற்கு நேர்மாறான சந்தேகம் ஒன்று. அணைந்த பிறகும் எல்.இ.டி. மின்மினி மாதிரி மங்கலாக எரிகிறது என்பார்கள். நியூட்ரல் இல்லாமல் இரண்டே வயரில் மாட்டும் சென்சார் தான் உயிர்வாழக் கொஞ்சம் மின்சாரத்தை விளக்கு வழியாகவே எடுத்துக்கொள்ளும், பழைய குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எல்.இ.டி.க்கு அதுவே போதும். நியூட்ரல் சேர்த்து மூன்று வயரில் மாட்டும் வகையை வாங்கினால் போய்விடும். மின்சாரம் போய்த் திரும்பும்போது பட்டப்பகலில் சில விநாடி எரிவது கோளாறே இல்லை, பல சென்சார்கள் அப்படித்தான் விழித்துக்கொள்கின்றன. அதேபோல, கெட்டுப்போனால் எரிந்தே கிடக்கும்படிதான் பல தெருவிளக்கு சென்சார்களை வடிவமைக்கிறார்கள், இருட்டில் விடுவதைவிட அது மேல் என்று. பகலில் எரியும் விளக்கைப் பார்த்தால் திட்டுவதற்கு முன் அதையும் நினைத்துக்கொள்ளலாம்.

உள்பக்கப் படிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கடிதம்தான். வெளிச்சுவரில் இருக்கும் சென்சாருக்கு ஜன்னலே இல்லாத படிக்கட்டு எப்படி இருக்கிறது என்று தெரியாது, தெரிய வழியும் இல்லை. வாசல், கார் நிறுத்தம், வெளி நடைபாதை, உள்படிக்கட்டு எல்லாவற்றையும் ஒரே லைனில் இழுத்து ஒரே சென்சாரில் கட்டியிருப்பார்கள். பிறகு படிக்கட்டுக்காரர்களுக்காக டயலை வெளிச்சப் பக்கம் திருகினால் கார் நிறுத்தம் முழுக்க நாலு மணிக்கே எரியும், கார் நிறுத்தத்துக்காக இருட்டுப் பக்கம் திருகினால் படிக்கட்டில் தடவிக்கொண்டு ஏற வேண்டும். கூட்டத்தில் நடக்கும் பாதிச் சண்டை இதுதான், இரண்டு தரப்பும் சொல்வது சரி, வயரிங்தான் தப்பு. உள்படிக்கட்டைத் தனியாகப் பிரித்து ஆள் நடமாட்ட சென்சார் போடுங்கள். அதிலும் பெரும்பாலும் மூன்று டயல் இருக்கும், எவ்வளவு தூரத்தில் ஆளைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எந்த வெளிச்சத்துக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்று. ஜன்னல் இல்லாத இடத்தில் மூன்றாவதைச் சூரியன் கோடியில் வைத்துவிடுங்கள், பகலிலும் எரியட்டும். நேரத்தை வைக்கும்போது இளைஞர்கள் ஏறும் வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், கையில் பையோடு மெதுவாக ஏறுகிறவர் ஒரு மாடியிலிருந்து அடுத்ததன் சென்சார் பார்வைக்குள் வரும் வரை எரிய வேண்டும். அதற்கும் மேலே அரை நிமிடம் சேர்த்தாலும் நஷ்டமில்லை.

சென்சார் உள்ளேயே வைத்து வரும் பல்புகளைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். ஒற்றை வீட்டு வாசலுக்குச் சரி. பத்து பல்பு வரிசையாக இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு நேரத்தில் எரியும், ஒன்றின் வெளிச்சத்தில் இன்னொன்று அணையும், பெரும்பாலானவற்றில் திருத்தி அமைக்க எதுவும் கிடையாது. ஏற்கெனவே சென்சார் இருக்கும் லைனில் அதைப் போட்டால் யார் எதை அணைத்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால் சூரிய டைமர் இருக்கிறது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி கொடுத்தால் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் அதுவே நாள்தோறும் கணக்குப் போட்டு விளக்கைப் போட்டு அணைக்கும். அழுக்கு, சிலந்தி, பக்கத்து வீட்டு விளக்கு எதுவும் அதைத் தொடாது, டயல் சண்டையும் இல்லை. பிடிக்காத குணம் ஒன்றுதான், வானம் பார்க்காது. மதியம் மூன்று மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்தாலும் ஆறு மணி வரை சும்மா இருக்கும். மூட்டம் அதிகமுள்ள இடங்களில் டைமரும் சென்சாரும் இணையாக, எது முதலில் சொன்னாலும் எரியும்படி கட்டலாம். பெரிய வளாகம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

கடைசியாக, எலக்ட்ரீஷியன் வரும் நாளில் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று. தீ போன்ற ஆபத்தில் வெளியேறும் வழியைக் காட்டும் அவசர விளக்குகளையும் இந்த சென்சார் லைனிலேயே இழுத்துவிட்ட கட்டிடங்கள் உண்டு, பக்கத்தில் வயர் இருந்தது, எடுத்துக்கொண்டோம் என்பார்கள். எங்கள் கட்டிடத்திலும் பழைய வயரிங்கில் அப்படித்தான் இருந்தது, பிரித்துவிட்டோம். ஜன்னல் இல்லாத படிக்கட்டில் புகை சூழ்ந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் இருட்டுதான், மாடியில் இருக்கும் சென்சாரோ நல்ல வெயில் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவசர விளக்குக்கு எப்போதும் மின்சாரம் இருக்கும் தனி லைனும் பேட்டரியும் வேண்டும். உங்கள் கட்டிடத்தில் எப்படி என்று, பொது விளக்கின் பிரேக்கரை ஒரு பகலில் அணைத்து, அவசர விளக்குக்குப் போகும் மின்சாரமும் சேர்ந்து நிற்கிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
அடுக்குமாடியில் வசிக்கும் ஒரு வாசகர்